மாமாவுக்கு எழுதிய சனிக்கிழமைகள்

உதுமானின் துணி மூட்டைமேல் உட்கார்ந்து நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். நம் பக்கம் காயல் என்பதை அங்கே வாவி என்பார்கள்; படகு அதன் நடுவில் போய்க்கொண்டிருந்தது. கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமைக் காலை. மேற்கே படுவான்கரைப் பக்கம் மழை இறங்கிவிட்டது. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று அந்தத் திசையில் தெரியவில்லை.

காற்று எதிர்த்து வந்தது. படகோட்டி கோலை ஊன்றிப் படகைக் கண்டல் மரங்களின் ஓரம் ஒதுக்கினார். வேர்களுக்கிடையே சேறும் உப்பும் அழுகிய இலையும் கலந்த மணம். ஒரு கொக்கு எங்களைப் பார்த்தும் பறக்காமல் நின்றது.

இன்றைக்கு அங்கால போகேலாது, கிறுக்குவம் என்றார் படகோட்டி. திருப்புவோம் என்பதைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார் என்று அதற்குள் எனக்குப் பழகியிருந்தது.

உதுமான் மூட்டையைப் படங்குத் துணியால் மூடினான். நான் என் நோட்டுப் புத்தகத்தைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டேன். அதைப் பார்த்துவிட்டு அவன் சிரித்தான்.

"என்ட துணி நனைஞ்சா காயும் மாஸ்டர். ஒங்கட கொப்பி நனைஞ்சா என்ன செய்யிற? அதுக்குள்ள என்னதான் இரிக்கி?"

கடிதம் என்றேன். யாருக்கு என்று கேட்டான். மாமாவுக்கு என்றேன். கட்டிய மனைவி ஊரில் இருக்க, மழையில் நனைந்துகொண்டு மாமனாருக்குக் கடிதம் எழுதுகிற மனிதனை அவன் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்திருப்பான்.

மூன்று வாரக் குடித்தனம்

தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கிய கதையைச் சில இதழ்களுக்கு முன் சொல்லியிருக்கிறேன். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. பௌதிகத்தில் பி.ஏ. பட்டம் வாங்கி, அதைச் சட்டம் போட்டு மாட்டியதைத் தவிர ஒரு வருஷம் வேறு வேலை கிடைக்காமல் இருந்தவன். அந்த நாட்டின் கிழக்குக் கரையில், வாவி சூழ்ந்த புளியந்தீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆள் வேண்டுமென்று பத்திரிகையில் பார்த்து எழுதினேன். வரச் சொல்லிவிட்டார்கள்.

புறப்படுவதற்கு மூன்று வாரத்துக்கு முன்புதான் எனக்கும் செண்பகத்துக்கும் கல்யாணம் நடந்தது. தாமிரபரணிக் கரையில் என் ஊருக்கு இரண்டு ஊர் தள்ளி அவள் ஊர். அந்த மூன்று வாரத்தில் நாங்கள் தனியாகப் பேசியது எவ்வளவு என்று கேட்டால், இந்தப் பத்தி அளவுகூட இருக்காது. அவள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள், எதையும் முழுதாகக் கேட்ட பிறகே பதில் சொல்வாள், மோரில் உப்புப் போட மாட்டாள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அவ்வளவையும் கொண்டுபோய் வைத்துக்கொண்டு இன்னொரு தேசத்தில் ஏங்கினேன்.

மாமா கண்டிப்பானவர். மனைவியை இழந்தவர். ஒரே பெண். வேலையும் வீடும் நிலைக்கட்டும், அப்புறம் அனுப்புகிறேன் என்றார்.

கடிதம் அவர் பெயருக்குத்தான் எழுத வேண்டும். பெண்பிள்ளை பெயருக்குத் தபால் வருவதை அந்த வீட்டில் யாரும் கேள்விப்பட்டதில்லை. கடிதம் வந்தால் மாமா நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வீடு முழுக்கக் கேட்கும்படி வாசிப்பார். கல்யாணமான புதிதில் என் அண்ணன் எழுதிய ஒரு கடிதத்தை அவர் அப்படி வாசித்ததை நானே பார்த்திருக்கிறேன். உள்கட்டில் செண்பகம் கதவோரம் நிற்பாள். அடுத்த தெருவிலிருந்து அவள் சித்தியும், பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்து நிற்பார்கள்.

இத்தனை பேர் காதுக்கு நடுவே நான் அவளுக்கு என்ன எழுதுவது? அவள் பெயரை எழுதவே கை கூசியது. ஆகவே ஊர்களை எழுதினேன்.

சனிக்கிழமை மனிதன்

திங்கள் முதல் வெள்ளி வரை எனக்கு ஒளிவிலகலும் நெம்புகோலும். சனிக்கிழமை விடிந்தால் சைக்கிள், இல்லையென்றால் படகு. ஊரில் என்னை இந்தியா மாஸ்டர் என்றார்கள். இந்தியா மாஸ்டருக்குக் கால் ஒரு இடத்தில் நிற்காது என்றும் சொன்னார்கள்.

அவர்களுக்குத் தெரியாது, நான் ஊர் பார்க்கப் போகவில்லை. கடிதத்துக்குச் சரக்குத் தேடிப் போனேன்.

தேற்றாத்தீவுக்குச் சைக்கிளில் போன ஒரு நாள் நினைவிருக்கிறது. தென்னந்தோப்புக்கு நடுவே மணல் பாதை. சக்கரம் புதையும்; இறங்கித் தள்ள வேண்டும். ஒரு பக்கத்தில் கடல் ஓயாமல் இரைகிறது. மறுபக்கம் கொஞ்ச தூரத்தில் வாவி, சத்தமே இல்லாமல் கிடக்கிறது. ஒரு வீட்டு அம்மா கிணற்றில் இறைத்துக் கொடுத்த தண்ணீர் கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தும் இளநீர் மாதிரி இருந்தது. எந்த ஊர், கல்யாணம் முடித்தாயிற்றா, அவ எங்க என்று வரிசையாகக் கேட்டார். ஊரில் என்றேன். அவர் இன்னொரு வாளி இறைத்தார்.

கிணற்றை எழுதினேன், மணலை எழுதினேன், இரண்டு தண்ணீரின் சத்தத்தை எழுதினேன். அந்த அம்மா கேட்ட மூன்றாவது கேள்வியை மட்டும் எழுதவில்லை.

உதுமான் இந்தச் சனிக்கிழமைகளில்தான் சிநேகிதமானான். காத்தான்குடிக்காரன், என் வயது. அவன் குடும்பத்துக்குத் தறிகள் இருந்தன. நெய்த சாரத்தையும் சேலையையும் மூட்டை கட்டி, படகில் வாவியைக் கடந்து, மறுகரையில் மாட்டுவண்டி பிடித்து வெல்லாவெளி வரை கொண்டுபோய் விற்பான். வயல் வெட்டு முடிந்த காலத்தில் வட்டைக்கு வட்டை, அதாவது ஒவ்வொரு வயல்வெளியாக, போய் நிற்பான்.

என் நிலைமையைச் சொன்னபோது அவனுக்குப் புரியவே இல்லை. அந்தப் பகுதியில், முஸ்லிம்களானாலும் தமிழர்களானாலும், கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். வீடு பெண்ணுடையது. உதுமானும் மாமியார் வீட்டில்தான் இருந்தான்.

"எங்கட ஊர்ல மாப்புள பொண்ட ஊட்டுக்குப் போவான். நீங்க என்னெண்டா கடலைத் தாண்டி வந்திரிக்கீங்க," என்றான். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே எனக்காக வருத்தப்பட்டான்.

வீம்பு

முதல் வருஷ விடுமுறையில் ஊருக்குப் போய்க் கேட்டேன். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் மாமா. இரண்டாம் வருஷம் முழுக்க வாரம் தவறாமல் எழுதினேன். மழையில் பாதி வழி திரும்பிய அந்தப் படகுப் பயணத்தையும் எழுதினேன். வெல்லாவெளி போய்ச் சேரவில்லை, இன்னொரு நாள் போவேன் என்று முடித்திருந்தேன்.

அதற்கு அவரிடமிருந்து வந்த பதில் நாலே வரி. ஐரோப்பாவில் சண்டை மூண்டிருக்கிறது, இந்தச் சமயத்தில் பெண்ணைக் கடல் கடந்து அனுப்புவது உசிதமில்லை, எல்லோரும் க்ஷேமம், ஆசீர்வாதம்.

அந்தத் தாளை நான் கசக்கினேன். பிறகு நீவி எடுத்து மறுபடி படித்தேன். அவள் பெயர் அதிலும் இல்லை. எனக்கு வந்த கோபத்தில் அந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகவில்லை. கடிதமும் எழுதவில்லை. மார்கழி முழுக்க ஒன்றும் எழுதவில்லை, தை முழுக்கவும் எழுதவில்லை. சனிக்கிழமைகளில் அறைக்குள் படுத்துக்கிடந்தேன். தண்டிப்பது மாமாவை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கதவோரம் நிற்பவளையும் சேர்த்துத்தான் தண்டிக்கிறேன் என்பது தெரியாமல் இல்லை. தெரிந்தும் செய்தேன். இத்தனை வருஷம் கழித்து இதை எழுதும்போதும் அது உறுத்துகிறது.

மாசியில் உதுமான் வந்து, தறிக்குச் சாயநூல் வாங்க மதுரைக்குப் போவதாகச் சொன்னான். அங்கிருந்து திருநெல்வேலி எவ்வளவு தூரம் என்று அவனே கேட்டான். ஒரு தாளை நீட்டி விலாசத்தை எழுதச் சொன்னான். சேலை ஒன்றை நானே தேர்ந்தெடுக்கட்டும் என்று நாலைந்தை விரித்துப் போட்டான். இலைப்பச்சையில் சிவப்புக் கரை போட்டதை எடுத்தேன். சொல்லிவிட வேண்டியது ஏதும் உண்டா என்றான். இல்லை என்றேன்.

உதுமான் பார்த்ததும் பாராததும்

மூன்று வாரம் கழித்து ஒரு மாலை, பள்ளிக்கூடம் விட்டு வந்தால் உதுமான் என் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு கருப்பட்டிப் பெட்டி. ஓலையைப் பிரித்ததும் எங்கள் ஊர் மணம் வந்தது.

நான் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேலான என் மனைவியை அவன் பத்து நாளுக்கு முன் பார்த்திருக்கிறான். எப்படி இருக்கிறாள், இளைத்திருக்கிறாளா என்று கேட்டேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நான் முகம் பாக்கல்ல மாஸ்டர். கதவுக்கு அங்கால நிண்டாங்க. மத்தவன்ட பொண்டாட்டிய நான் எப்பிடிப் பாக்கிற? குரலத்தான் கேட்டன்."

எனக்கு அவன்மேல் கோபமும் மரியாதையும் ஒரே நேரத்தில் வந்தன.

நடந்ததை அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். மாமா அவனை வெளி வராந்தாவில் உட்காரவைத்து இளநீர் கொடுத்தாராம். வாவி எவ்வளவு அகலம், படகில் எத்தனை பேர் ஏறலாம், மாப்பிள்ளை எங்கே சாப்பிடுகிறார் என்று ஒன்றையே மூன்று தடவை கேட்டாராம். மாப்பிள்ளை கடிதம் ஒழுங்காக வருகிறது என்றும் சொன்னாராம். அது எனக்குக் குத்தலாகப் பட்டது. என் மௌனத்தை வேற்று மனிதரிடம் இப்படிச் சொல்லிக் காட்டியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா உள்ளே எழுந்து போன சமயத்தில் கதவுக்குப் பின்னாலிருந்து அவள் ஒரு கேள்வி கேட்டாளாம்.

"வெல்லாவெளிக்குப் போகக்குள்ள பாதியில திரும்பினாங்களே, மறுகா போனாங்களா எண்டு கேட்டாங்க. அவ்வளவுதான். வேற ஒண்டும் கேக்கல்ல."

நான் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அடுத்த சனிக்கிழமை உதுமானுடன் வெல்லாவெளி போனேன். அறுவடை முடிந்த வட்டைகளில் வைக்கோல் மணம். ஒரு விவசாயியின் வீட்டில் எருமைத் தயிர் கொடுத்தார்கள்; சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது. எல்லாவற்றையும் எட்டுப் பக்கம் எழுதினேன். சித்திரை விடுமுறைக்கு ஊருக்குப் புறப்பட்டேன்.

மாமா இரண்டு வாரமும் பார்க்கலாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நான் திரும்புவதற்கு முந்தின நாள், நாங்கள் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது செண்பகம் பரிமாறிக்கொண்டே சொன்னாள்: "நான் போயிட்டு வாரேன்பா." குரல் நடுங்கவில்லை. மாமா இலையைப் பார்த்தபடி ரசம் ஊற்றச் சொன்னார். மறுநாள் காலை அவரே அவள் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சுப் போட்டது போதாதென்று அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார்.

அவளுடைய முறை

நான் எழுதிய ஊர்களையெல்லாம் அவளுக்குக் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு அவசரம். வந்த முதல் சனிக்கிழமையே படகில் ஏற்றினேன். பச்சைச் சேலையில் வந்தாள். பாதித் தூரம் போனதும் தலை சுற்றுகிறது என்றாள். கண்ணை மூடிக்கொண்டு என் தோளைப் பிடித்திருந்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"கடுதாசியில இன்னும் பெருசா இருந்துச்சு," என்றாள்.

எனக்கு ஏக்கம் தீர்ந்தது. அவளுக்குத் தொடங்கியது. மாலை நேரத்தில் வேலியோரம் நின்று, அப்பா இப்போது விளக்கேற்றியிருப்பாரா என்பாள். உதுமானின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்து பேசிப் பழகினாள். தொதல் என்கிற தேங்காய்ப்பால் இனிப்பைச் செய்து கொண்டுவருவாள். உன் உம்மா வீட்டிலேயே நீ இருக்கிறாயே, எவ்வளவு கொடுத்து வைத்தவள் என்று செண்பகம் அவளிடம் சொல்வதை நான் உள்ளிருந்து கேட்டிருக்கிறேன்.

நான் எதிர்பாராதது மாமாவின் கடிதங்கள். நாலு வரி எழுதியவர் நாலு பக்கம் எழுதத் தொடங்கினார். இந்தச் சனிக்கிழமை எங்கே போனீர்கள், படகில் செண்பகத்துக்குத் தலைசுற்றல் நின்றதா, அந்தத் தயிர் வீட்டுக்காரர் சௌக்கியமா என்று கேட்டார். பதில் தாமதித்தால் நினைவூட்டி ஒரு அட்டை வரும். தனி வீட்டில், கேட்க ஆளில்லாமல், அதை அவர் யாருக்கு வாசித்தாரோ தெரியாது.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. பிறகு சண்டை எங்கள் கடலுக்கே வந்தது. திருகோணமலையில் குண்டு விழுந்தது. பள்ளிக்கூடத்தை மூடினார்கள். பெட்டி படுக்கையோடு ஜனங்கள் வாவியைக் கடந்து படுவான்கரைச் சொந்தக்காரர்களிடம் போனார்கள். உதுமான் எங்களை வெல்லாவெளித் தயிர் வீட்டில் கொண்டுபோய் விட்டான். ஒரு மாதம் அங்கே இருந்தோம்.

திரும்பி வந்த சில நாளில் தந்தி வந்தது. மாமா காலமாகிவிட்டார்.

கப்பலில் போக அனுமதிச் சீட்டு வேண்டும். ஊர் திரும்புகிற இந்தியர்கள் அலுவலக வாசலில் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். நானும் நின்றேன். சீட்டு கைக்கு வந்தபோது பதினாறாம் நாளும் கடந்திருந்தது. செண்பகம் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, இனிமே எதுக்கு என்று மடித்து வைத்தாள். அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அமிர்தகழியிலிருந்து நடந்து

அந்த வருஷம் ஆடி அமாவாசைக்கு அமிர்தகழிக்குப் போகலாம் என்று அவள்தான் சொன்னாள். தகப்பனை இழந்தவர்கள் மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தத்தில் முழுகுகிற நாள். காலையிலேயே நடந்தோம். சண்டைக் காலம் என்று பார்க்காமல் ஜனம் நிறைந்திருந்தது. ஈரத்துணி, கற்பூரம், மிதிபட்ட பூவின் மணம்.

எனக்குத் தகப்பனார் சின்ன வயதிலேயே போய்விட்டார். அவருக்காக முழுகினேன். ஐயர் எள்ளும் தண்ணீரும் விடச் சொல்லிப் பெயர் கேட்டபோது, அப்பா பெயருக்குப் பிறகு மாமாவின் பெயரையும் சொன்னேன். செண்பகம் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏறியதும் வாவியோரப் பாதையில் திரும்பினோம்.

பாதி வழியில் நான் சொன்னேன், மாமாவுக்கு என்மேல் கடைசி வரை முழுப் பிரியம் வரவில்லை என்று. ஏதோ மனத்தில் இருந்தது வாயில் வந்துவிட்டது.

"நீங்க ஒரு தடவை ரெண்டு மாசம் கடுதாசி போடல. ஞாபகம் இருக்கா?" என்றாள்.

இருக்கிறது என்றேன்.

"அந்த ரெண்டு மாசமும் வீட்டுல கடுதாசி வந்துச்சு."

நான் எழுதவில்லையே என்றேன்.

"தெரியும். அப்பா பழைய கடுதாசி ஒண்ணக் கையில வச்சுக்கிட்டு, அதுல இல்லாதத எல்லாம் புதுசு மாதிரி வாசிப்பாக. நான் முகம் வாடி நிக்கக் கூடாதுன்னு. பக்கத்து வீட்டுக்காரங்க கேக்கக் கூடாதுன்னு. வெல்லாவெளிய மட்டும் விட்டுட்டாக. அது எப்படி முடிஞ்சுதுன்னு அவுகளுக்கும் தெரியாதுல்லா."

எப்படித் தெரிந்தது உனக்கு, தாளை எடுத்துப் பார்த்தாயா என்று கேட்டேன்.

"பாக்க வேண்டியதில்ல. உங்க கடுதாசியில எம்பேரு இருக்காது. அப்பா வாசிச்சதுல இருந்துச்சு."

நான் நின்றுவிட்டேன். அவள் நிற்கவில்லை. இதை ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று பின்னாலிருந்து கேட்டேன்.

"சொன்னா அவுகளுக்கும் வெக்கம், உங்களுக்கும் வெக்கம்."

பிறகு, நான் கேட்காமலே, அந்தக் கடிதங்களில் ஒன்றைத் தொடக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டு வந்தாள். மாமா வாசிக்கிற அதே நிதானத்தில் சொன்னாள். மாப்பிள்ளை அந்தச் சனிக்கிழமை தண்ணீரோரமாக வெகுதூரம் நடந்து போகிறார். கல் படித்துறை வருகிறது. மருதமரம் ஒன்று வளைந்து தண்ணீரைத் தொடுகிறது. கிளைகளில் கிளிகள். வாவியில் அப்படி ஒரு இடமே கிடையாது. கடலையோ வாவியையோ பார்த்திராத மனிதர், தன் வீட்டுக்குப் பின்னால் ஓடிய ஆற்றையே எடுத்து என் பெயரில் வாசித்திருக்கிறார்.

வெயிலில் என் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. அவள் விடாமல் சொல்லிக்கொண்டே நடந்தாள். படித்துறையில் மாப்பிள்ளை கால் கழுவினார், கொஞ்சம் உட்கார்ந்தார், இருட்டுவதற்குள் திரும்பினார். எங்கள் வீட்டு வேலி கண்ணுக்குத் தெரிந்தபோது கடைசி வரிக்கு வந்துவிட்டாள்.

"செண்பகம் நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா என்று ஒரு வரி எழுதவும்."